பக்க வாயிலில் நுழைந்தவர்கள்: வீடியோ விளையாட்டுத் தொழிலும் அதன் முன்னோடிகளும்

டெலிவிஷன் திரையிலும், கணிப்பொறியிலும், உள்ளங்கையில் அடங்கும் கருவிகளிலும் ஆடப்பெறும் வீடியோ விளையாட்டுகள் இன்று உலகெங்கும் ஒரு பெருந்தொழிலாக வளர்ந்துள்ளன. ஆயினும், இத்தொழிலில் புக விரும்பும் மாணவர் ஒருவர், "எதைப் படித்தால் இவ்வேலை கிட்டும்?" என்று வினவுவாராயின், மருத்துவத்திற்கும் கட்டடப் பொறியியலுக்கும் கூறுவதுபோல் ஒரே சொல்லில் விடை கூறுதல் இயலாது. இத்தொழிலை உண்டாக்கியவர்களுள் எவரும் அதற்கென்று படித்தவர் அல்லர். படிப்பதற்கு அக்காலத்தில் அப்படியொரு படிப்பும் இருந்ததில்லை. ஒருவர் அணு ஆராய்ச்சிச் சாலையில் அளவு கருவிகள் செய்தவர். மற்றொருவர் ரேடியோ பழுது பார்த்தவர். வேறொருவர் சீட்டு செய்யும் யந்திரங்களுக்குக் காவலாக இருந்தவர். "விளையாட்டுப் புத்தி" என்று நம் வீடுகளில் பெரியவர்கள் கடிந்துரைக்கும் குணம், முறையான வேறொரு தொழிலறிவோடு சேர்ந்தபோது என்ன விளைந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் இங்குப் பேசப்படும் பொருள் அல்ல என்பதை முதற்கண் கூறிவிடுதல் நன்று. அவை நம் நாட்டில் 2025-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தால் தடை செய்யப்பட்டவை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிப் பெற்றோர் அஞ்சுவது உண்டு.

ஆராய்ச்சிச் சாலையில் ஒரு டென்னிஸ் பந்து

அமெரிக்க ஐக்கிய நாட்டில் நியூயார்க் மாநிலத்தைச் சார்ந்த லாங் தீவில் புரூக்ஹேவன் தேசிய ஆராய்ச்சிச் சாலை அமைந்துள்ளது. ஆண்டுதோறும் பொதுமக்கள் அதனைப் பார்வையிட அனுமதிக்கப்பட்டு வந்தனர். அங்கு அளவு கருவிப் பிரிவின் தலைவராக இருந்த வில்லியம் ஹிகின்பாதம் என்ற பௌதிக விஞ்ஞானி, அசையாத படங்களையும் வாய் பேசாத கருவிகளையும் பார்த்து மக்கள் சலிப்படைவதைக் கண்டார். 1958-ஆம் ஆண்டு அக்டோபரில் நடைபெற்ற பார்வையாளர் நாளுக்காக அவர் ஒரு விளையாட்டை அமைத்தார். 5 அங்குலக் குறுக்களவுள்ள ஆஸிலாஸ்கோப் திரையில் தரையைக் குறிக்கும் ஒரு கோடும், வலையைக் குறிக்கும் சிறு கோடும் தோன்றும்; ஓர் ஒளிப்புள்ளி பந்தாகப் பறந்து வரும். ஆடுபவர் கையிலுள்ள பெட்டியில் ஒரு குமிழைத் திருகி அடிக்கும் கோணத்தை அமைத்து, ஒரு பொத்தானை அழுத்திப் பந்தைத் திருப்புவார்.

இதன் உட்பொறி 'அனலாக்' வகைக் கணிப்பொறி. எண்களைக் கொண்டு கணக்கிடாமல், மின்னழுத்தத்தின் அளவையே ஓர் எண்ணுக்குப் பதிலாக வைத்துக் கணக்கிடுவது அதன் முறை. புவியீர்ப்பினால் விளையும் முடுக்கம் மாறாத மின்னழுத்தமாக உள்ளே செலுத்தப்படுகிறது. தொகையிடும் சுற்று ஒன்று அதனை வேகமாக மாற்றுகிறது. அடுத்த சுற்று அவ்வேகத்தைப் பந்து இருக்கும் உயரமாக மாற்றுகிறது. பந்து தரையைத் தொடும் தருணத்தில் ஒரு ரிலே, வேகத்தைக் குறிக்கும் மின்னழுத்தத்தின் குறியைத் தலைகீழாக்க, பந்து துள்ளி எழுகிறது. ஏவுகணை செல்லும் பாதையைக் கணக்கிடும் அதே முறைதான் இது. அக்கணிப்பொறியோடு வந்த கையேட்டிலேயே அத்தகைய பாதைகளை வரையும் வழி கூறப்பட்டிருந்தது.

ஹிகின்பாதம் இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் திரைகளை வடிவமைப்பதில் ஈடுபட்டவர். பின்னர் லாஸ் அலமாஸில் அணுகுண்டுத் திட்டத்தின் எலெக்ட்ரானிக் குழுவில் தலைமைப் பொறுப்பு வகித்தவர். திரையில் ஒரு புள்ளியை வேண்டிய இடத்தில் நிறுத்தும் கலை அவருக்குப் பழக்கமானது. எனவே, மக்கள் நூற்றுக்கணக்கில் வரிசையில் நின்று ஆடிய அவ்விளையாட்டை அவர் பெரிய காரியமாகக் கருதவில்லை. 1959-ஆம் ஆண்டு மறுபடியும் காட்டப்பட்டபின் கருவி கழற்றப்பட்டு, அதன் உறுப்புகள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டன. காப்புரிமையும் கோரப்படவில்லை. போருக்குப்பின் அணு ஆயுதங்கள் பரவாமல் தடுக்கும் பணியில் அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அப்பணிக்காகவே தாம் நினைக்கப்பட வேண்டுமென்று அவர் விரும்பியதாக அவர் குடும்பத்தார் கூறியுள்ளனர். உலகம் அவரை டென்னிஸ் பந்துக்காகவே நினைக்கிறது.

ரேடியோ பழுது பார்த்தவர்

ரால்ஃப் பேயரின் வரலாறு இதனினும் விரிவாகக் கூறத்தக்கது. இவர் 1922-ஆம் ஆண்டு ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சியில் யூதச் சிறுவர் என்ற காரணத்தால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டில், யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் நொறுக்கப்பட்ட நவம்பர் இரவுக்குச் சில வாரங்களே இருந்தபோது, குடும்பத்தோடு தப்பி நியூயார்க் வந்தடைந்தார். பிழைப்புக்காகத் தொழிற்சாலை வேலை. கையில் பள்ளிச் சான்றிதழ் இல்லை. ரேடியோ பழுது பார்த்தலைத் தபால் வழியே கற்பிக்கும் நிறுவனத்தின் விளம்பரம் ஒன்றைக் கண்டு, தம் சொற்பக் கூலியிலிருந்து கட்டணம் செலுத்திப் பயின்று, 1940-ஆம் ஆண்டு தேர்ச்சி பெற்றார். பின் ரேடியோ பழுது பார்க்கும் கடைகளை நடத்தினார். போரில் பணியாற்றித் திரும்பிய வீரர்களுக்கு அமெரிக்க அரசு அளித்த கல்வி உதவியைக் கொண்டு, சிகாகோவில் டெலிவிஷன் பொறியியலில் 1949-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார்.

டெலிவிஷன் பெட்டியைச் சீர் செய்யும் தொழிலாளர், திரையில் கோடுகளையும் கட்டங்களையும் தோற்றுவிக்கும் சோதனைக் கருவி ஒன்றைப் பயன்படுத்துவது வழக்கம். நிலையத்திலிருந்து ஒளிபரப்பு வராமலே திரையில் உருவத்தைத் தோற்றுவிக்க முடியும் என்பது அவர்கள் அன்றாடம் காணும் செய்தி. 1951-ஆம் ஆண்டில் ஒரு டெலிவிஷன் பெட்டியின் வடிவமைப்பில் ஈடுபட்டிருந்தபோதே, அப்பெட்டியில் ஏதேனும் விளையாட்டைச் சேர்க்கலாமே என்ற எண்ணம் பேயருக்குத் தோன்றியது. மேலதிகாரி அதனை ஏற்கவில்லை. எண்ணம் 15 ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது.

1966-ஆம் ஆண்டில் அவர் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் நாஷுவா என்னும் ஊரில், இராணுவத்திற்கான எலெக்ட்ரானிக் சாதனங்கள் செய்யும் சாண்டர்ஸ் கம்பெனியில் பல நூறு பேருக்குத் தலைவராக இருந்தார். அவ்வாண்டு கோடையின் முடிவில், நியூயார்க்கில் பஸ் நிலையத்திற்கு வெளியே ஒரு நண்பருக்காகக் காத்திருந்தபோது அப்பழைய எண்ணம் மீண்டது. செப்டம்பர் முதல் நாள் அதனை நான்கு பக்கங்களில் எழுதிவைத்தார். கம்பெனியின் ஆராய்ச்சி இயக்குநர் இத்திட்டத்திற்கு முதலில் ஒதுக்கிய தொகை 2,500 டாலர்: 2,000 கூலிக்கும் 500 பொருள்களுக்கும். பில் ஹாரிசன் என்ற தொழில் வல்லுநர் ஒரு சிறிய அறையில் அமர்ந்து சுற்றுகளைக் கட்டினார். பில் ரஷ் என்ற பொறியாளர் பின்னர்ச் சேர்ந்தார்.

இக்கருவி வேலை செய்யும் முறை மிகவும் எளியது. எளிமையே அதன் சிறப்பு. டெலிவிஷன் குழாயினுள் ஓர் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாகக் கோடு கோடாகத் திரையை வருடிச் செல்கிறது. அமெரிக்க முறையில் ஒரு முழுப்படத்திற்கு 525 கோடுகள். விநாடிக்கு 30 படங்கள். ஒரு கோட்டைக் கடக்க அக்கற்றைக்கு ஏறத்தாழ 63 மைக்ரோ விநாடி, அதாவது ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் 63 பங்கு, ஆகிறது. கோடு தொடங்கிய பின் சிறிது காலம் தாழ்த்தி ஒரு மின்துடிப்பைக் கொடுத்தால், அந்த இடத்தில் திரை ஒளிரும். தாழ்த்தும் காலத்தைக் கூட்டினால் ஒளி வலப்புறமும், குறைத்தால் இடப்புறமும் நகரும். படம் தொடங்கும் கணத்திலிருந்து இதேபோல் காலம் தாழ்த்தினால் மேலும் கீழும் நகரும். இவ்விரு தாழ்ப்புகளையும் இரண்டு குமிழ்களோடு இணைத்துவிட்டால், கையைத் திருகத் திருகப் புள்ளி திரையெங்கும் உலவும். இரு ஆட்டக்காரருக்கு இரு புள்ளிகள். ஒன்று மற்றொன்றை மோதியதா என்று அறிவதற்குக் கணக்கீடு எதுவும் வேண்டுவதில்லை: இரு துடிப்புகளும் ஒரே கணத்தில் எழுந்தால் அவை ஒரே இடத்தில் உள்ளன என்பது பொருள், ஒரு சில டயோடுகள் அதனைக் கண்டுகொள்ளும். ஆட்டக்காரர் கையில் இல்லாத, கருவியே ஓட்டும் மூன்றாவது புள்ளி ஒன்றை ரஷ் சேர்த்தபோது, 1967-ஆம் ஆண்டு இறுதியில் திரையில் மேசைப்பந்து பிறந்தது.

கணிப்பொறி நிபுணர் எவரேனும் அன்று இவ்வேலையில் இறங்கியிருப்பின், கணிப்பொறியையே தேடியிருப்பர். அதன் விலை ஒரு வீட்டின் விலையினும் பன்மடங்காக இருந்திருக்கும். டெலிவிஷன் பெட்டியின் குடலைக் கையால் தொட்டுப் பழகியவர் என்பதாலேயே பேயர், ஏறத்தாழ 40 டிரான்சிஸ்டர்களும் அதே அளவு டயோடுகளும் கொண்டு இதனை முடித்தார் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இராணுவக் கம்பெனிக்கு விளையாட்டுச் சாமான் விற்கத் தெரியாது. டெலிவிஷன் உற்பத்தியாளர் பலருக்குக் கருவியைக் காட்டியும் நெடுநாள் பயனில்லை. இறுதியில் மாக்னவாக்ஸ் கம்பெனி உரிமம் பெற்று, 'ஒடிஸி' என்ற பெயரில் 1972-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஏறக்குறைய 100 டாலர் விலைக்கு வெளியிட்டது. ஒலி இல்லை, வண்ணம் இல்லை. ஆடுகளத்தை வரைந்த ஒளிபுகும் தாளைத் திரைமேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். பகடைகளும் சீட்டுகளும் காகித நாணயமும் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருந்தன. பழைய விளையாட்டுப் பெட்டியைப் புதியது முற்றிலும் விட்டுவிடவில்லை. சுமார் மூன்றரை லட்சம் கருவிகள் விற்றன.

பேயரின் காப்புரிமையை எதிர்த்துப் பல ஆண்டுகள் வழக்குகள் நடந்தன. எதிர்த்தவர்கள் ஹிகின்பாதத்தின் டென்னிஸை முன்சான்றாகக் காட்டினர். அது டெலிவிஷன் சமிக்ஞையைப் பயன்படுத்தவில்லை என்பதால் நீதிமன்றம் அச்சான்றை ஏற்கவில்லை. பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட அச்சிறுவருக்கு 2006-ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை அணிவித்தார். பேயர் 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் காலமானார்.

சீட்டு யந்திரங்களின் காவலர்

ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நின்டெண்டோ, 'ஹனஃபுடா' என்னும் மலர்ச்சீட்டுகளைச் செய்து விற்ற கம்பெனி. குன்பேய் யோகோய் அந்நகரிலேயே டோஷிஷா சர்வகலாசாலையில் எலெக்ட்ரானிக் துறையில் படித்துத் தேறியவர். பெரிய மின்சாதனக் கம்பெனிகளில் இடம் கிடைக்காமையால், வீட்டிற்கு அருகில் இருக்கிறதென்று 1965-ஆம் ஆண்டு நின்டெண்டோவில் சேர்ந்தார். சீட்டு செய்யும் யந்திரங்களைப் பழுதின்றிப் பார்த்துக்கொள்வதே அவர் பணி. யந்திரங்கள் ஒழுங்காக ஓடுங்கால் பராமரிப்பவருக்கு வேலை ஏது? ஓய்வு நேரத்தில் அங்கிருந்த கருவிகளைக் கொண்டு, கத்தரிபோல் மடிந்து நீண்டு தொலைவிலுள்ள பொருளைப் பற்றும் ஒரு பொம்மைக் கையைத் தம் பொழுதுபோக்குக்காகச் செய்தார். கம்பெனித் தலைவர் ஹிரோஷி யாமௌச்சி அதனைக் கண்டுவிட்டார். கண்டிக்கவே அழைக்கிறார் என்று நினைத்துச் சென்றவரிடம், அதனை விற்பனைப் பொருளாக்கும்படி அவர் கட்டளையிட்டார். 1966-ஆம் ஆண்டு 'அல்ட்ரா ஹாண்ட்' என்ற பெயரில் வெளிவந்த அப்பொம்மை பத்து லட்சத்திற்கு மேல் விற்றது. பராமரிப்பாளர் வடிவமைப்பாளரானார்.

யோகோயின் புகழ் நிலைபெற்றது 1980-ஆம் ஆண்டில். ஷிங்கான்சென் விரைவு ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் தம் கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்தி விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு, பையிலடங்கும் விளையாட்டுக் கருவியை அவர் எண்ணினார். அக்காலத்தில் கால்குலேட்டர் கம்பெனிகளிடையே போட்டி முற்றி, திரவப் படிகத் திரையும் சில்லும் மலிவாகிவிட்டன. 'கேம் அண்ட் வாட்ச்' என்ற அக்கருவியில் தோன்றும் உருவங்கள் உண்மையில் நகர்வதில்லை. ஒவ்வொரு நிலையிலும் உள்ள உருவம் கண்ணாடியில் முன்னரே அமைக்கப்பட்டுள்ளது. மின்னழுத்தம் கொடாதபோது திரவப் படிகம் ஒளியின் அதிர்வுத் தளத்தை முறுக்கி வெளியே விடுகிறது. கொடுத்தபோது முறுக்கு அவிழ, ஒளி தடைப்பட்டு அவ்வுருவம் கறுப்பாகத் தெரிகிறது. அடுத்தடுத்த உருவங்களை முறையே கறுப்பாக்கினால் பந்து பறப்பதாகக் கண் ஏமாறுகிறது. இவ்வகைக் கருவிகள் நான்கு கோடிக்கு மேல் விற்றன.

யோகோய் தம் முறைக்கு இட்ட பெயரைத் தமிழாக்குவது எளிதன்று. 'வாடிய தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் சிந்தித்தல்' என்பது சொல்லுக்குச் சொல் பொருள். ஆனால் 'வாடிய' என்பது தமிழில் பயனற்றதைக் குறித்துவிடுகிறது. ஜப்பானியச் சொல்லில், காய்ந்து பதப்பட்டது என்ற கருத்தும் உண்டு. தச்சர் பச்சை மரத்தை நம்பாமல் முற்றிக் காய்ந்த மரத்தைத் தேடுவதை எண்ணினால் பொருள் விளங்கும்: விலை குறைந்து, குறைகள் எல்லாம் தெரிந்து, கைக்கு அடங்கிவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து, எவரும் நினையாத வேலைக்குப் பயன்படுத்துதல். பராமரிப்புத் தொழிலில் நாள் கழித்தவருக்கு, புதியது என்பதைவிடப் பழுதாகாதது என்பதே பெரிதாகத் தோன்றியிருத்தல் இயல்பு.

1989-ஆம் ஆண்டு வெளிவந்த 'கேம் பாய்' இதற்குச் சான்று. அதன் திரையில் வண்ணம் இல்லை, நான்கு சாயல்களே. 160-க்கு 144 புள்ளிகள். அதற்குப் போட்டியாக வந்த செகா கம்பெனியின் வண்ணத்திரைக் கருவி ஆறு பாட்டரிகளைச் சில மணி நேரத்தில் தீர்த்தது. கேம் பாயோ நான்கு பாட்டரிகளில் அதனினும் பன்மடங்கு நேரம் ஓடியது. பின் வந்த வண்ணத்திரை வடிவத்தையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றது. ஆயினும் யோகோயின் எல்லா முயற்சியும் வெற்றி பெற்றதாகக் கூற முடியாது. 1995-ஆம் ஆண்டின் 'வர்ச்சுவல் பாய்' பெருந்தோல்வி. மறு ஆண்டு அவர் கம்பெனியை விட்டு விலகித் தனியே தொழில் தொடங்கினார். 1997-ஆம் ஆண்டு அக்டோபரில் சாலை விபத்தில், 56-ஆம் வயதில் மாண்டார்.

அவருடைய மேற்பார்வையில் முதல் விளையாட்டைச் செய்த ஷிகேரு மியாமோட்டோவும் பொறியாளர் அல்லர். கனஸாவா கலைக் கல்லூரியில் தொழில் வடிவமைப்புப் படித்து, 1977-ஆம் ஆண்டு ஓவியராகச் சேர்ந்தவர். அமெரிக்காவில் விற்காமல் தேங்கிய ஆட்டப் பெட்டிகளுக்கு ஒரு புது ஆட்டம் தேவைப்பட்டது. 1981-ஆம் ஆண்டு அவர் செய்த 'டாங்கி காங்' அவற்றை விற்றுத் தந்தது.

மாஸ்கோவின் நான்கு சதுரங்கள்

கேம் பாயோடு அமெரிக்காவில் சேர்த்து விற்கப்பட்ட விளையாட்டு 'டெட்ரிஸ்'. அதனை 1984-ஆம் ஆண்டு செய்த அலெக்ஸி பஜித்நோவ், மாஸ்கோவில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பு நிலையத்தில் பேச்சொலியைக் கணிப்பொறிக்கு உணர்த்தும் ஆராய்ச்சி செய்தவர். ஐந்து சதுரங்களை இணைத்த துண்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கும் பழைய புதிர் ஒன்றில் அவருக்கு விருப்பம் மிகுதி. ஐந்து சதுரங்களை இணைத்தால் 12 வடிவங்கள் பிறக்கும். கண்ணாடிப் பிம்பங்களை வேறாகக் கொண்டால் 18. விழும் துண்டை நொடியில் இனங்கண்டு திருப்புவதற்கு இவ்வளவு வடிவங்கள் மனத்திற்குச் சுமை. நான்கு சதுரங்களாகக் குறைத்தால் பிம்பங்கள் உட்பட ஏழே. அந்த ஏழையே அவர் கொண்டார். அவருடைய 'எலெக்ட்ரானிகா 60' கணிப்பொறியில் படம் வரையும் வசதி இல்லாமையால், துண்டுகளை அடைப்புக்குறிகளைக் கொண்டே அமைத்தார். 16 வயதுப் பள்ளி மாணவரான வாதிம் கெராசிமோவ் அதனை வேறுவகைக் கணிப்பொறிக்கு மாற்ற உதவினார். விளையாட்டின் உரிமை அரசிடம் இருந்தமையால், உலகம் முழுதும் கோடிக்கணக்கில் விற்ற அப்படைப்புக்கு 1996-ஆம் ஆண்டுவரை பஜித்நோவுக்கு உரிமைத் தொகை கிட்டவில்லை. புதுத் தொழிலில் பக்க வாயிலாக நுழைபவர் சட்டத்தையும் சிறிது அறிந்திருத்தல் வேண்டும் போலும்.

இன்றைய நிலை

வாயில்கள் இன்னும் அடைபடவில்லை. 1999-ஆம் ஆண்டு மின் லே, ஜெஸ் கிளிஃப் என்னும் இரு மாணவர்கள், 'ஹாஃப் லைஃப்' என்ற விளையாட்டைத் தம் விருப்பப்படி திருத்தி, 'கௌண்டர் ஸ்டிரைக்' என்பதை உருவாக்கி இலவசமாக வெளியிட்டனர். மூல விளையாட்டைச் செய்த வால்வ் கம்பெனி மறு ஆண்டே அவர்களைப் பணியில் அமர்த்திக்கொண்டது. 2016-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்டார்டியூ வேலி' என்ற வேளாண்மை விளையாட்டை எரிக் பரோன் என்பவர், ஓர் அரங்கில் வாயிற்பணியாளராக இருந்துகொண்டு, நாலரை ஆண்டுகள் தனியொருவராகவே செய்தார். நிரல், ஓவியம், இசை அனைத்தும் அவருடையவை. இதைக் கேட்டு எவரும் வேலையை விட்டுவிட வேண்டியதில்லை. அவர் கணிப்பொறியியல் பட்டதாரி என்பதையும், அவ்வளவு உழைத்தும் விலை போகாத விளையாட்டுகள் எண்ணற்றவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் இத்துறைக்கு முறையான படிப்பு இப்போது உண்டு. தேசிய வடிவமைப்புக் கழகத்தின் பெங்களூர் வளாகத்தில் எண்முறை விளையாட்டு வடிவமைப்பில் முதுநிலைக் கல்வி கற்பிக்கப்படுகிறது. அசைவூட்டல், விளையாட்டு ஆகிய துறைகளுக்கென மும்பையில் தேசிய உயர் மையம் ஒன்றை அமைக்க மத்திய மந்திரி சபை 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. ஆனால் இவ்விடங்கள் சில நூறு பேருக்கே உரியவை. மற்றவர்க்கு உள்ள வழி, வேறு தொழிலில் இருந்துகொண்டே ஒரு சிறு விளையாட்டைச் செய்து முடித்துக் காட்டுவதுதான். செய்து முடித்தது என்பதை அழுத்திக் கூறவேண்டும். பாதியில் நின்ற பெரிய திட்டத்தைவிட, ஒரே திரையில் தொடங்கி ஒரே திரையில் முடியும் ஆட்டம் வேலை தருபவர் கண்ணுக்கு மேலானது.

விளையாட்டுக்கு வேண்டிய கைகளும் பலவகை. குறைகளைத் தேடும் சோதனையாளர், கதை எழுதுவோர், ஒலி அமைப்போர், கணக்கு வழக்குப் பார்ப்போர், ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு உரையாடல்களைப் பெயர்ப்போர் ஆகியோரும் அதில் அடங்குவர். மொழிபெயர்ப்பாளருக்கும் அதில் இடமுண்டு என்பது இதனை எழுதுபவருக்குச் சிறிது மகிழ்ச்சி தருவதே. பெட்டிக்குள் அடங்கும் எழுத்து இத்தனை என்ற கட்டுப்பாட்டில், நம் நீண்ட தமிழ்ச் சொற்களைச் சுருக்கிப் பொருத்துவது தனியொரு புதிர்.

கருவிகளுக்கும் இன்று பெருஞ்செலவு இல்லை. 2014-ஆம் ஆண்டு மூல நிரலோடு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட 'கோடோ' என்னும் விளையாட்டு ஆக்கும் மென்பொருள், அர்ஜென்டினாவில் இருவர் தொடங்கிய முயற்சி. அதற்கு விலையும் இல்லை. அதைக் கொண்டு செய்த விளையாட்டை விற்றால் பங்கு கொடுக்கவேண்டியதும் இல்லை. சாதாரணக் கணிப்பொறியில் ஓடும். பேயரின் இரு புள்ளிகளையும் மூன்றாவது பந்தையும் அதில் அமைத்துப் பார்ப்பது, நிரல் எழுதிப் பழகாதவருக்கும் ஒரு வாரத்துக்குள் முடியக்கூடிய பயிற்சியாகும்.